மின்வெட்டில் வழியும் பவளத்தொட்டி: நிறுவற் குறைகள் பற்றிய முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்களிடம் வாங்கி, உங்கள் ஆட்களே வந்து பூட்டிக் கொடுத்த 60 சென்ரிமீற்றர் கடல்நீர்ப் பவளத்தொட்டி தொடர்பாக இதை எழுதுகிறோம். தொட்டி, அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டியான சம்ப், அதிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், ஆவியாகும் தண்ணீரை ஈடுசெய்யும் தானியங்கி, ஆர்.ஓ. வடிகட்டி, விளக்கு, பாறை, மீன், பவளம் எல்லாம் ஒரே பற்றுச்சீட்டில் வந்தவை. பவளங்கள் செத்ததற்கு "சாப்பாடு கூடிப்போச்சு" என்று உங்கள் திருத்துநர் சேவைப் படிவத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதை நாங்கள் ஏற்கவில்லை. உணவு கூடியிருந்தால் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் ஏறியிருக்க வேண்டும். அவர் தம் கையாலேயே சோதித்து அதே படிவத்தில் குறித்தவை நைத்திரேற்று 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பொஸ்பேற்று 0.05 பிபிஎம். பவளத்துக்கு இவை நல்ல அளவுகள். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை ஒரு அடிக்கோலை வைத்தே காட்டலாம்.

முதலில் சம்ப். தொட்டியின் மேற்பரப்பு 60க்கு 45 சென்ரிமீற்றர். நீர்மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் 2.7 லீற்றர் கீழே போகிறது. பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாயை உங்கள் ஆட்கள் நீர்மட்டத்துக்கு 7 சென்ரிமீற்றர் கீழே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும்; தண்ணீர் நிற்காது. அதே குழாய் சைஃபனாக மாறி, வாயில் காற்றுப் படும்வரை தொட்டியைப் பின்னோக்கி இழுக்கும். 7 சென்ரிமீற்றருக்கு 18.9 லீற்றர். சம்பின் அடிப்பரப்பு 45க்கு 30, உயரம் 35. ஓடும்போது தண்ணீர் 25இல் நிற்க வேண்டும் என்று நீங்களே கோடு ஒட்டியிருக்கிறீர்கள். மேலே மிஞ்சுவது 10 சென்ரிமீற்றர், அதாவது 13.5 லீற்றருக்கு இடம். ஆகவே ஒவ்வொரு மின்வெட்டிலும் 5.4 லீற்றர் உப்புத்தண்ணீர் அலுமாரிக்குள் வழிகிறது. அங்கே, பலகையின் மேல், எல்லாப் பிளக்குகளும் செருகிய வயர்கோட் கிடக்கிறது.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால்தான் யாருக்கும் ஆபத்து வரவில்லை. ஆனால் ட்ரிப் விழுந்தால் தெருவுக்கு மின்சாரம் திரும்பினாலும் தொட்டிக்குத் திரும்பாது. இரவில் விழுந்தால் விடியும்வரை நீரோட்டமும் இல்லை, ஒட்சிசனும் குறைவு. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊரில் கடை நடத்துகிறீர்கள். மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்றைக்கூட இந்தப் பொதியில் வைக்காதது ஏன்?

இதைத் தொலைபேசியில் கேட்டபோது, ஒருவழி வால்வு பூட்டியிருப்பதாகப் பதில் வந்தது. கடல்நீரில் அந்த வால்வை நம்பிச் சம்ப் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. சுண்ணாம்புப் படிவோ, மணலோ, ஒரு நத்தைக் குஞ்சோ மடிப்பில் சிக்கினால் அது முழுதாக மூடாது. எங்கள் வால்வைக் கழற்றிப் பார்த்தோம், மடிப்பில் மணல். செய்ய வேண்டியது எளிது. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு 2 சென்ரிமீற்றர் கீழே உயர்த்த வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அதே குழாயில் 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போட வேண்டும். மட்டம் இறங்கியதும் அதன்வழி காற்று புகுந்து சைஃபனை அறுக்கும். பாசி அடைக்காமல் அந்தத் துளையை வாரம் ஒருமுறை பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். சம்பின் ஓடுமட்டத்தை 20க்கு இறக்கினால் 20 லீற்றருக்கு இடம் கிடைக்கும். வயர்கோட்டைச் சுவரில் உயரத்தில் பொருத்தி, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விட வேண்டும். அப்போது வயர் வழியே வரும் துளி பிளக்குக்குள் போகாது. பூட்டி முடித்த அன்றே பம்பை நிறுத்திவிட்டு கால் மணி நேரம் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அந்தச் சோதனை செய்யப்படவில்லை.

பவளங்களைக் கொன்றது இந்த வழிவின் அடுத்த கட்டம். வழிந்தது உப்புத்தண்ணீர். மின்சாரம் வந்ததும் சம்பில் மட்டம் குறைந்ததை உணர்ந்து தானியங்கி அதை நன்னீரால் நிரப்புகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஏனென்றால் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும், ஈடுசெய்ய நன்னீரே வேண்டும். ஆனால் வழிந்த தண்ணீரோடு உப்பும் போய்விட்டது அதற்குத் தெரியாது. பாறையும் மணலும் கழித்தால் இந்த அமைப்பில் ஏறத்தாழ 115 லீற்றர் தண்ணீர். 5.4 லீற்றர் போய் அதே அளவு நன்னீர் வந்தால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 33.4 ஆகும். இரண்டாவது முறை 31.8. மூன்றாவது முறை 30.3. பவளமும் நத்தையும் தம் உடலின் உப்பை மீனைப்போலக் கட்டுப்படுத்த முடியாதவை. இப்படி ஒவ்வொரு மின்வெட்டிலும் திடீரென இறங்கும் உப்பில் பவளம் வாயை மூடி, சதை சுருங்கி, கூட்டிலிருந்து உரிந்து போகும். எங்கள் தொட்டியில் நடந்தது அதுவே.

உங்கள் திருத்துநர் உப்பை அளக்காமல் இல்லை. ஊசி ஆடும் பிளாஸ்ரிக் மானியால் அளந்து, நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025, சரி என்று எழுதினார். அந்த மானியின் ஊசியில் காற்றுக் குமிழி ஒட்டினால் ஊசி மேலே மிதந்து உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதே தண்ணீரை 35 பிபிடி நியமக் கரைசலால் சரிபார்த்த ஒளிவிலகல் மானியில் பார்த்தபோது 31 பிபிடி. ஒளிவிலகல் மானியையும் வெறும் வடிநீரில் பூச்சியத்துக்கு வைத்தால் போதாது. நாம் அளக்கும் இடம் 35, சரிபார்க்க வேண்டிய இடமும் 35. பெருந்தொகை வாங்கும் நிறுவனம் தன் திருத்துநர்களிடம் இந்த மானியையும் ஒரு சிறு போத்தல் நியமக் கரைசலையும் கொடுத்து அனுப்ப வேண்டும். மிஞ்சிய பவளங்களைக் காப்பாற்ற நாங்கள் நாளுக்கு 1 பிபிடிக்கு மேல் போகாமல் உப்பை மெதுவாக ஏற்றி வருகிறோம்.

அடுத்தது சில்லர். அது பழுதான பொருளல்ல. வைத்த இடம் பிழை. சம்ப் இருக்கும் அதே மூடிய அலுமாரிக்குள் அதை வைத்திருக்கிறீர்கள். தான் தள்ளும் சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு கம்பிரசர் நிற்காமல் ஓடுகிறது, தண்ணீர் 29.5 பாகையில் நிற்கிறது. நாங்கள் கேட்டது 26. உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும் 30 சென்ரிமீற்றர் வெளி விட்டு, அலுமாரிக்கு வெளியே வைக்க வேண்டிய கருவி அது. உள்ளே இருந்தால் சம்பின் உப்பு ஈரம் அதன் தகடுகளையும் அரித்துவிடும். விசிறி பூட்டினால் போதும் என்று உங்கள் விற்பனையாளர் சொன்னதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. 1 லீற்றர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் போகும். நாளுக்கு 3 லீற்றர் என்றால் சராசரி 80 வாற்று. காற்று உலர்ந்த நாளில் அது உதவும். கொழும்பின் புழுக்கத்தில் தண்ணீர் அவ்வளவு ஆவியாகாது. சூடு நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுக்கும். 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் பவளப்பாறைகள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான்.

ஆர்.ஓ. வடிகட்டியின் சவ்வுக்கு 50 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தம் வேண்டும். தொடர்மாடியின் மேல்தளத்தில் தண்ணீர் கூரைத் தாங்கியிலிருந்து வருகிறது. 1 மீற்றர் உயரத்துக்கு 1.4 பிஎஸ்ஐ, 4 மீற்றர் உயரத்துத் தாங்கி 6 பிஎஸ்ஐகூடத் தராது. பூஸ்டர் பம்ப் இல்லாமல் அந்த வடிகட்டி தண்ணீரை வீணாக்கும், சுத்தமாக்காது. மிஞ்சும் கரைந்த பொருட்களைப் பிடிக்கும் இறுதிக் கட்ட ரெசின் குழலும் பொதியில் இல்லை. கரைந்த பொருட்களின் அளவான டி.டி.எஸ். 0 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது, மானியில் 14. கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசிக்கு அந்தத் தண்ணீரோடு வரும் சிலிக்கேற்று ஒரு காரணம்.

உங்கள் கைநூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லா வாடிக்கையாளர்களின் கையிலும் இருக்கிறது. பாக்டீரியாப் போத்தல் ஊற்றி மூன்றாம் நாள் மீன் விடலாம் என்று அதில் இருக்கிறது. அது தவறு. மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவை 2 பிபிஎம்முக்கு ஏற்றி, அது 24 மணி நேரத்தில் பூச்சியமாகிறதா என்று பார்த்த பிறகே உயிர் விட வேண்டும். அதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் செல்லும். மீனில் வெண்புள்ளி நோய் கண்டால் பொதியிலுள்ள மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றச் சொல்கிறது. போத்தலின் சீட்டில் செப்பு சல்பேற்று என்று இருக்கிறது. செப்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். பாறையிலும் ஊறி நெடுநாள் தங்கும். மீனைப் பாறையில்லாத தனித் தொட்டிக்கு மாற்றித்தான் அந்த மருந்து கொடுக்கலாம். 60 சென்ரிமீற்றர் தொட்டிக்குப் பொருத்தமான மீன் என்று பவுடர் புளூ சேர்ஜன் படம் போட்டிருப்பதும் தவறு. 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து நாள் முழுக்க நீந்தித் திரியும் மீன் அது. வெண்புள்ளியும் அதற்கு எளிதில் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பயங்கரமான வரி 'பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது: பாசி பிடித்த பாறையைக் கொதிநீரில் போட்டுத் துலக்கலாமாம். நீங்கள் விற்ற பாறையில் பவளத்துக்கு உறவான சோவந்திட்டுகள் என்ற மெல்லுடல் உயிரிகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் சில இனங்களில் பலிற்றொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கொதிக்கும்போது ஆவியோடு எழுந்து, அறையில் இருப்பவர்களுக்கு மூச்சுத் திணறல், காய்ச்சல், தசைவலி என்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும். வெட்டும்போது விரலில் காயம் இருந்தாலும் உடலில் ஏறும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்துக் கையாள வேண்டிய பொருளை அடுப்பில் வைக்கச் சொல்லும் நூலை இன்னும் ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் பவளங்கள் "கோரல் மிக்ஸ்" என்று மட்டும் பதிவாகியுள்ளன. வன்கூட்டுப் பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் 2ஆம் பின்னிணைப்பில் உள்ளவை. எங்கள் நாட்டுச் சட்டமும் அவற்றைக் காக்கிறது. தென்மேற்குக் கரையில் அக்குரல பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளம் தோண்டிய இடங்களைக் கடல் அரித்ததை இந்நாட்டவர் மறந்துவிடவில்லை. எங்களுக்கு விற்ற ஒவ்வொரு துண்டும் பண்ணையில் வளர்த்ததா, கடலில் எடுத்ததா, எந்த அனுமதியில் வந்தது என்பதை எழுத்தில் கேட்கிறோம். கடலில் களவாக எடுத்தது என்றால் அதற்கு மாற்றுத் துண்டு எங்களுக்கு வேண்டாம்.

குழாயையும் சம்ப் மட்டத்தையும் வயர்களையும் மேற்சொன்னபடி உங்கள் செலவில் திருத்தித் தாருங்கள். சில்லரை வெளியே எடுத்து வையுங்கள். பூஸ்டர் பம்பும் ரெசின் குழலும் பொதியின் பகுதியாக வர வேண்டியவை; அவற்றுக்குத் தனி விலை கேட்காதீர்கள். செத்த பவளங்களின் விலையைத் திருப்பித் தாருங்கள். உப்பு சீராகும்வரை புதியவை அனுப்ப வேண்டாம். ஈரத்தில் ஊதிப்போன அலுமாரிப் பலகையையும் மாற்றுங்கள். சேவைப் படிவத்திலுள்ள "சாப்பாடு கூடிப்போச்சு" என்ற வரியைத் திருத்தி எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், ஏனென்றால் அதைக் காட்டித்தான் உத்தரவாதத்தை மறுக்கிறீர்கள். கைநூலின் கொதிநீர் வரியையும் செப்பு மருந்து வரியையும் பற்றி, இதே பொதியை வாங்கிய மற்றவர்களுக்கு இந்த வாரமே அறிவியுங்கள். இது எங்கள் நட்டஈட்டைவிட அவசரமானது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் அளவுப் படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் அங்கே கையளிப்போம்.

ஆள் அனுப்பும்போது ஒளிவிலகல் மானி, 35 பிபிடி நியமக் கரைசல், அடிக்கோல் மூன்றையும் கொடுத்து அனுப்புங்கள். மின்சாரத்தை நிறுத்திக் காட்ட நாங்கள் ஆயத்தம்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்கள்.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, சேவைப் படிவப் பிரதி, சம்பின் அளவுப் படங்கள், கைநூலின் பராமரிப்புப் பக்கம்.