மேசை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷமும் நோம்பித் திருவிழா வசூல் கணக்கு உங்கள் தலையில்தான் விழுந்ததா? ரசீதுப் புத்தகம் இப்போதும் பாதி மலையாளம், பாதி தமிழா? கொழிஞ்சாம்பாறையில் வீடு வீடாக ஏறி இறங்குகிற உங்களுக்கு, போன வாரம் நியூயார்க்கில் எங்கள் மியூசியத்தில் நடந்த வசூல் விருந்தைப் பற்றி எழுதினால் பிடிக்கும் என்று தோன்றியது. கணக்குப் பிரிவில் இருப்பதால் உள்விவகாரம் கொஞ்சம் தெரியும்.

இங்கே மியூசியங்களுக்கு மத்திய அரசு கொடுப்பது சொற்பம். பணக்காரர்கள் தந்தால்தான் விளக்கு எரியும். மோமா என்ற பெரிய மியூசியத்தை 1929-இல் மூன்று பெண்கள் சேர்ந்து, பங்குச் சந்தை சரிந்த கையோடு திறந்தார்கள். விட்னி என்ற அம்மையார் தன்னிடமிருந்த 500-க்கும் மேற்பட்ட படங்களையும் சிலைகளையும் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குத் தருகிறேன் என்றார். அவர்கள் வேண்டாம் என்றுவிட, தானே ஒரு மியூசியம் ஏற்படுத்தி 1931-இல் திறந்துவிட்டார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

கேலா என்கிற இந்த விருந்துக்கு ஒரு சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பத்துப் பேர் உட்கார்கிற மேசையையே வாங்குகிறார்கள். மேடைக்குப் பக்கத்து மேசை என்றால் விலை பல மடங்கு. நாள் நெருங்க நெருங்க யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று ஆபீஸில் ஒரே தகராறு. அந்தப் பட்டியல் போடுகிற பெண் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உங்களுக்கு ருசிக்கிற விஷயம் ரசீதுதான். ஒருவர் 1,000 டாலர் கொடுத்து, அவர் சாப்பிட்டது 200 டாலர் பெறும் என்றால், 800-ஐ மட்டும்தான் தர்மம் என்று வருமான வரியில் கழிக்க முடியும். 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்குச் சாப்பாடு போட்டால், அதன் மதிப்பு இன்னது என்று நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம். அந்தக் கடிதங்களை அடிப்பதுதான் இப்போது என் வேலை. நம்ம ஊரில் அன்னதானம் சாப்பிட்டவரிடம் போய், உங்கள் இலைக்கு இவ்வளவு கழித்துக்கொண்டோம் என்று சொல்லிப் பாருங்கள்!

கௌரவிக்கப்பட்டவர்கள் நான்கு பேர். ஒரு சிற்பி, கண்காட்சிகள் அமைக்கிற ஒரு பெண்மணி, அப்புறம் பல வருஷமாகப் பணம் கொடுத்து வருகிற ஒரு தம்பதி. பணம் கொடுத்தவரையும் கலைஞரையும் ஒரே மேடையில் ஏற்றுவது எனக்கு முதலில் உறுத்தியது. ஆனால் யார் காசில் நடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறார்களே, அது பரவாயில்லை என்று பிறகு பட்டது. டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு இவர்களும் போவார்கள், அது வேறு கதை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஓவியரை இலவசமாக உட்கார வைத்திருந்தார்கள். பணக்காரர்களுக்கு ஓவியரோடு சாப்பிட ஆசையாம். எங்கள் பக்கத்து மேசை இளைஞன் கதை சொல்லிச் சொல்லியே களைத்துப்போனான், தட்டைத் தொடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஏலக்காரர் ஒருவர் மேடை ஏறினார். ஏலம் என்றால் தொகை ஏறும்தானே? இது தலைகீழ். பெரிய தொகையில் ஆரம்பித்து, கொடுப்பவர்கள் எண் போட்ட அட்டையைத் தூக்கத் தூக்க, அடுத்த சின்னத் தொகைக்கு இறங்குகிறார். வாங்குவதற்கு ஒரு பொருளும் கிடையாது. நாலு பேர் பார்க்கக் கை தூக்குகிறார்கள், அவ்வளவுதான். மாமா, இதை மட்டும் நீங்கள் நோம்பிக் கமிட்டியில் முயன்று பார்க்கலாம்.

எனக்குச் சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஒரு முழு காலிஃப்ளவரைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். உப்பே இல்லை.

பக்கத்தில் இருந்த அம்மா, உங்கள் ஊரில் கலைஞர்களுக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டார். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொன்னேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, சென்னைக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாகக் குடியேறியதை. அவரால் நம்ப முடியவில்லை. விருந்து வைக்காமலா என்றார்! மலம்புழா அணைப் பூங்காவில் நிர்வாணமாக உட்கார்ந்திருக்கிற யட்சி சிலையின் படத்தையும் போனில் காட்டினேன். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்தது என்றதும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பள்ளிச் சுற்றுலாவில் டீச்சர் எங்களை அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் விரட்டினார் என்பதைச் சொல்லவில்லை.

கொச்சியில் 2012-இலிருந்து பியன்னாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கிறதே, கேரள அரசும் பணம் கொடுக்கிறது. அடுத்து நடக்கும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். பாலக்காட்டில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் ஃபோர்ட் கொச்சி போய்விடலாம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? நோம்பிக்கு என் பங்கைத் தம்பி கணக்கில் போட்டிருக்கிறேன். ரசீதில் அம்மா பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்