இரவு எட்டே முக்காலுக்கு வரும் ஹோம்வொர்க்

கடலூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் நாலாவது படிக்கிறாள், மகன் ஏழாவது. வீடு புதுப்பாளையத்தில். பிள்ளைகளை வீட்டில் ஒரு நேரம் வைத்து உட்காரவையுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறீர்கள். நியாயமான பேச்சு. பள்ளி திறந்ததிலிருந்து அதற்காகத்தான் பாடுபட்டோம்.

நாலரைக்கு வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தெருவில் விளையாட்டு, ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் கூடத்தில் பாய் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்துவிட வேண்டும். டிவி கிடையாது, என் போனும் அலமாரி மேல் போய்விடும். முதல் பத்து நாள் அழுகை, தண்ணீர் தாகம், பென்சில் சீவுதல் என்றே போனது. நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருப்பேன், நோட்டை எட்டிப் பார்க்க மாட்டேன், தெரியாததைக் கேட்டால் மட்டும் சொல்வேன். போன வருஷம் நான் தலைமாட்டிலேயே நின்றபோது ஒரு வரி எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஆடி பிறப்பதற்குள் கணக்கு முதலில், எழுத்து வேலை அப்புறம் என்று தானே வரிசை வைத்துக்கொண்டாள். ஏழேகாலுக்கு இரண்டு பேரும் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்கிவிடுவார்கள்.

அதை உடைத்தது வாட்ஸ்அப் குரூப். ஒருநாள் இரவு எட்டே முக்காலுக்கு, 'நாளைக்கு நீர்ச் சுழற்சி சார்ட் கொண்டுவரவும்' என்று செய்தி. அவள் அப்பா மஞ்சக்குப்பம் வரை போய்த் திறந்திருந்த ஒரு கடையில் சார்ட் வாங்கி வருவதற்குள் அவள் அழுதே தூங்கிவிட்டாள், பதினொரு மணி வரை மேகமும் மழையும் வரைந்தது நான். அது யாருடைய ஹோம்வொர்க், சொல்லுங்கள்? இப்படி நாலைந்து முறை ஆனது. அப்புறம் ஒருநாள் ஆறு மணிக்குப் பாய் விரித்தபோது கேட்டாள்: 'இன்னும் மெசேஜே வரலையேம்மா, இப்ப எதுக்கு உட்காரணும்?' எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் போன் இருந்தது, சமாளித்தோம். பக்கத்து வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு சிப்காட் ஷிப்டுக்குப் போய்விடும். முதுநகர்ப் பக்கம் போன் கடலுக்கே போய்விடுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் எழுதாமல் வந்தால் அது சோம்பல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை விட்டால் இன்னும் மோசம், கரண்ட் இருக்காது, மெசேஜ் மட்டும் காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அளவும் பாருங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. பள்ளிப் பையின் சுமையைக் குறைக்க மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த கொள்கை மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம் போதும் என்கிறது, ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம். என் மகளுக்கு இரண்டே நாளில் அந்த இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடுகிறது.

நான் கேட்பது பெரிதில்லை. கடைசி மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஹோம்வொர்க்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகள் கையாலேயே டைரியில் எழுதவையுங்கள். வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதற்கும் நேரம் பிடிக்க வேண்டியிருக்கும், தெரியும். ஆனால் டைரியைத் திறந்து தன் வேலையைத் தானே பார்க்கிற பிள்ளைக்கு அம்மாவின் போன் வேண்டியதில்லை. சொல்ல மறந்துபோனால் மறுநாள் சொல்லுங்கள். சார்ட், மாடல் என்றால் ஒரு சனி ஞாயிறு நடுவில் வருகிற மாதிரி கொடுங்கள்.

இன்னொன்று. ஏழேகாலுக்கு மேல் நான் எழுத விடுவதில்லை. எந்த வரியில் நிறுத்தினாளோ அங்கே நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதற்காக அவளை நிற்கவைக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள், வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
புதுப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா