பார்க்க வராதவர்களுக்கும் நன்றி

அன்புள்ள உப்புவெளி, உவர்மலை உறவுகளுக்கு,

வைகாசிக் கடைசியில் கடற்கரை மீன்வாடியில் நாங்கள் செய்த உடலசைவுப் பயிற்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

"எப்ப அரங்கேற்றம்?" என்று கேட்காத ஆளில்லை. அப்படி ஒன்று கிடையாது என்றதும் பலருக்கு முகம் சுருங்கியது. போலந்து நாடக நெறியாளர் யெர்சி குரோட்டோவ்ஸ்கி 1970களில் மேடையை விட்டுவிட்டு, ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் செய்து பார்த்த வழி இது. எல்லோரும் செய்பவர்கள், பார்ப்பவர் எவருமில்லை. (1999இல் மறைந்த அவருடைய அஸ்தி திருவண்ணாமலையில் தூவப்பட்டது என்று சொன்ன பிறகுதான் எங்கள் அம்மாமார் இரங்கினார்கள்.)

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஐயாவுக்குத்தான் பெரிய கடன். இதுவும் ஒருவகைத் தீட்சைதான் என்று அவரிடம் சொன்னோம். "சட்டம் (ஆடுறவன்ர பாட்டுப் பிரதி) கொடுத்து, களரியில (ஆடுகளத்தில) பழக்கி, சதங்கை கட்டினாப் பிறகுதான் ஒருத்தன் கூத்துக்காரன். தீட்சை எண்டா அதுதானே தம்பி, இதுக்கு ஏன் போலந்து?" என்று கேட்டுவிட்டு, மத்தளத்தோடு வந்து மூலையில் அமர்ந்தார். அடிக்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். கண்ணை மூடி நிற்பது, உடம்பு தானாக அசையும்வரை அசையாதிருப்பது, இவ்வளவுதான் முதற் பயிற்சி. வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தியின் வலக்குதி மெல்ல மண்ணைத் தட்டத் தொடங்கியது. கூத்து பழகாத பிள்ளை. தட்டு வேகம் பிடித்ததும் ஐயாவின் விரல்கள் தோலில் விழுந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். "கால் கேக்குது, நான் எப்பிடிச் சும்மா இருக்கிறது?" என்றார். பிறகு வட்டமாய் நின்ற எல்லோருடைய கால்களும் அந்தத் தாளத்துக்குள் போய்விட்டன. ஒப்பந்தம் உடைந்த அந்த இரவைத்தான் இப்போதும் எல்லோரும் பேசுகிறார்கள்.

தகப்பனுக்குக் கன்னியா வெந்நீரூற்றில் கிரியை எல்லாம் செய்து முடித்த தம்பி ஒருவன், வட்டத்தின் நடுவில் தனியாக நின்றபோதுதான் வாய்விட்டு அழுதான். கிரியையா, இதுவா என்று நான் தராசு பிடிக்க மாட்டேன். அவனுக்கு இரண்டும் தேவைப்பட்டன.

1909இல் ஆர்னோல்ட் வான் கெனெப் என்ற ஆய்வாளர் தீட்சை, ஈமக்கிரியை போன்ற, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் சடங்குகளைப் பிரிதல், இடைநிலை, மீளச் சேர்தல் என்று மூன்று கட்டங்களாக வகுத்தார். அந்த மூன்றாவதை இஞ்சித் தேத்தண்ணியாலும் அவித்த கடலையாலும் நடத்தியவர் மூலைவீட்டு அக்கா. என்ன நடந்தது என்று ஒருவரிடமும் கேட்காமல் கோப்பையை நீட்டியதற்குத் தனி நன்றி.

வலைகளை ஒதுக்கி வாடியைத் தந்த சம்மாட்டியார், விடியமுன் கரைவலைக்குப் போகையில் டோர்ச் அடிக்காமல் கடந்த தொழிலாளர், பெண்பிள்ளைகளை வாசல்வரை கொண்டுபோய் விட்ட ஓட்டோத் தம்பி, "பேய் ஓட்டுறாங்களோ" என்று சந்தேகப்பட்டும் எட்டிப்பார்க்காத அயலவர், எல்லோருக்கும் நன்றி.

கணக்குப் பார்த்ததில் கொஞ்சம் காசு மிச்சம். மத்தளத்துக்குத் தோல் மாற்றப் போகிறோம். ஐயா வேண்டாமென்கிறார், நாங்கள் கேட்பதாயில்லை.

அன்புடன்,
வாடிக் குழுவினர் சார்பில்,
உவர்மலை, திருகோணமலை