மூச்சையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்: நம் ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, மகளிர் பிரிவுச் சகோதரிகள், குழுவில் உள்ள எல்லாருக்கும் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து வணக்கம்.

ஜூன் 21 உலக யோகா தினத்தை ஒட்டி மண்டபத்தில் வகுப்பு தொடங்கப் போவதாக, அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். பார்த்ததும் மனசு நிறைந்தது. எத்தனையோ வருஷமாக நான் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. கிட்டப் போய் நிதானமாகப் படித்தேன். தொப்பை குறையும், முதுகுவலி தீரும், ஞாயிறு காலை ஒன்பது மணி, பாய் கொண்டு வரவும். அவ்வளவுதான். மூச்சு என்ற சொல்லே அதில் இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தொப்பை குறைவது நல்லதுதான். நம் சனத்தில் சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்காத வீடு எது? எனக்கே முதுகுவலி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். ஆனால் யோகத்தை உடற்பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்புவது போல. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளைச் சொல்கிறார்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போவது அதில் மூன்றாவதை, உடம்பை வளைக்கிற ஆதனத்தை, மட்டும். முன்னால் உள்ள இரண்டும் இல்லை, மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் முதல் பின்னால் உள்ள ஐந்தும் இல்லை.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் புத்தகம் படித்தவர் இல்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டுப் பெரியவர். நாலரை மணிக்கு, பெரட்டு என்ற காலைப் பெயர்ப்பதிவுக்குப் போவதற்கு முன்னால், தோட்டத்துக் கோயில் திண்ணையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலால் வலது மூக்கை அடைப்பார், மோதிர விரலால் இடது மூக்கை அடைப்பார், மாற்றி மாற்றி. நாங்கள் பிள்ளைகள் சளி பிடித்திருக்கிறது என்று நினைப்போம்.

பதினாறு வயதில் என் கையில் கத்தி வந்தது. மரத்தைக் காயப்படுத்திக்கொண்டே இருந்தேன். பட்டைக்கு அடியில் மெல்லிய தோல் மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரம் புண்ணாகி, முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. அந்தப் பெரியவர்தான் பக்கத்து நிரையிலிருந்து வந்து பார்த்தார். "பிள்ள, நீ மூச்ச அடக்கிக்கிட்டு வெட்டுற. அதான் கை இறுகுது. மெதுவா விட்டுக்கிட்டே சீவு" என்றார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகக் கத்தி இறங்குகிற நேரம் முழுக்க மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் கை இளகிவிட்டது. பட்டை ரிப்பன் மாதிரி சுருண்டு விழும். கோட்டில் வெள்ளையாக ஊறி, தகரத்தில் வழிந்து, மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டு விழுகிற சத்தம் தலைவிளக்கு வெளிச்சத்தில் கேட்கும். கை, மூச்சு, மனசு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பிராணாயாமம் என்ற பெயர் தெரிந்தது பத்து வருஷம் கழித்து.

பிராணன் என்பது வெறும் காற்று இல்லை. காற்று அதன் வாகனம். உடம்புக்குள் அது பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று பிரிந்து வேலை செய்கிறது என்கிறார்கள். உணவைச் செரிப்பது, கழிவைத் தள்ளுவது, பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் பெரியவர்கள் போட்ட கணக்கு, நிமிஷத்துக்குப் பதினைந்து. ஆத்திரம் வந்தால் இந்தக் கணக்கு எகிறும், ஆசை வந்தாலும் எகிறும். மனசை நேரடியாகப் பிடிக்க யாராலும் முடியாது. மூச்சைப் பிடிக்கலாம், அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. இடது மூக்கு வழியான இடகலை, வலது மூக்கு வழியான பிங்கலை இரண்டும் சமமானால் நடுவே சுழுமுனை என்ற நாடி திறக்கும் என்பது அப்புறம் வருவது. "காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்குக் கூற்றை உதைக்கும் குறியது வாமே" என்று எமனையே உதைக்கிற அளவுக்குக் கொண்டுபோகிறார் திருமூலர்.

அதே பகுதியில் இன்னொரு பாட்டு இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடலே. "புள்ளினும் மிக்க புரவியை மேற்கொண்டால் கள்ளுண்ண வேண்டாந் தானே களிதரும்." பறவையைவிட வேகமாக ஓடுகிற குதிரை என்று மூச்சைச் சொல்கிறார். அதன்மேல் ஏறி உட்காரத் தெரிந்தால் கள் குடிக்க வேண்டாம், அதுவே மகிழ்ச்சியைத் தரும், துள்ளி நடக்க வைக்கும், சோம்பலைப் போக்கும் என்கிறார். இயமத்தைச் சொல்லும்போதும் கொல்லாதவன், பொய் சொல்லாதவன், பகுத்து உண்பவன் என்ற வரிசையில் கள்ளும் காமமும் இல்லாதவன் என்று சேர்த்தே சொல்கிறார்.

இந்தப் பாட்டு நம் ஊருக்கு எழுதினது மாதிரி இல்லையா, அண்ணே? 1946, 1947 வாக்கில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள். போலீஸ் வந்தது, அடி விழுந்தது, கைது செய்தார்கள். என் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லுவார். ஆனால் வேலை முடிந்த மாலை ஆறு மணி அப்படியேதான் இருந்தது. அந்த நேரத்தில் மனசு எதையோ கேட்கும். தாத்தா காலத்தில் கள், அப்பா காலத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம், இன்றைக்கு நம் பையன்கள் கெத்தும் என்ற போதை இலையைக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு பாலத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வைக்க வேறு ஒன்றை நாம் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை.

என் அண்ணன் சம்சு குடித்தவர். வெட்கப்பட்டு மறைக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். அவரை மாற்றியது யாருடைய புத்திமதியும் இல்லை. முதலில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பல வருஷம் குடித்தவர்கள் டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது, அது உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு அவரைத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு. வேறு ஒன்றும் இல்லை. விரல் நடுங்கும், எண்ணிக்கை தவறும், எழுந்து போய்விடுவார். இரண்டு முறை பழைய இடத்துக்கே திரும்பினார். மூன்றாவது முறை உட்கார்ந்தவர் அப்புறம் பதினோரு வருஷம் குடிக்காமல் இருந்து கண்ணை மூடினார். "மூச்ச எண்ணும்போது அந்த ஆசை வர்றது தெரியுது, போறதும் தெரியுது" என்று ஒருநாள் சொன்னார். இதைவிட எனக்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும்?

குழுவில் சிலர் மந்திரம், தியானம் எல்லாம் வேண்டாம், பிரச்சினை வரும், உடற்பயிற்சி என்று போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 2008-இல் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாடும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று சொன்னதை மனசில் வைத்துப் பேசியிருப்பார்கள். அது முஸ்லிம் அன்பர்களுக்கு அவர்கள் மார்க்கம் சொன்னது. அதை மதிப்போம், அவர்களைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ஆனால் நம் அம்மன் சந்நிதியில், நம் பிள்ளைகளுக்கு முன்னால், ஓம் என்று சொல்ல நாமே ஏன் தயங்க வேண்டும்?

யோகம் எங்கிருந்தோ புதிதாக வந்த பழக்கம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நம்மைப் போன்ற தோட்டத்துச் சனத்துக்கு மருந்து கட்டிய கை அது. பிறகு ஜொகூர் பாருவில் இருந்துவிட்டு 1923-இல் திரும்பிப் போய், ரிஷிகேசத்தில் சந்நியாசம் வாங்கிச் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் ஆசிரமம் பத்துமலையில் இருக்கிறது. முறையாகக் கற்ற ஆசிரியரை அனுப்ப முடியுமா என்று செயலாளர் தம்பி அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். திருமந்திரத்தில் பதினாறு இழுத்து, அறுபத்து நாலு நிறுத்தி, முப்பத்திரண்டு விடுகிற கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு முதல் நாளே யாரும் மூச்சை அடக்கிக் காட்டக்கூடாது. ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே வேண்டாம், மெதுவாக இழுத்து மெதுவாக விட்டால் போதும். பொய்யரை அந்தக் குதிரை துள்ளி விழுத்திவிடும் என்று திருமூலரே எச்சரித்திருக்கிறார்.

நேரத்தையும் மாற்றுங்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரியன் உதிப்பதற்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்குவது. கெடாவில் விடிய ஏழு மணிக்கு மேல் ஆகிறது, ஆக ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். அதிகாலையில் பால்மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால்தானே நம் ஆட்கள் இருட்டிலேயே காட்டுக்குள் போனார்கள். மூச்சுக்கும் அந்த நேரம்தான் வாகு. ஏழு மணிக்குள் முடித்தால் பேக்டரி வேனையும் பிடித்துவிடலாம். பாலத்தடிப் பையன்களுக்காகச் சாயங்காலம் ஆறு மணிக்கும் அரை மணி நேரம் வையுங்கள். கட்டணம் வேண்டாம். மேடை, மாலை, மைக் எதுவும் வேண்டாம். ஐப்பசி அசுவினியில் திருமூலர் குருபூசை வருகிறது, அன்றைக்குத் தொடங்கினால் எனக்குச் சந்தோஷம். ஜூன் மாதமே என்றாலும் சரி.

இதுவரை ஒன்பது பேர் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பாலத்தடிப் பிள்ளைகள். மண்டபத்துப் பின்கதவுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தால், ஐந்தரைக்கே வந்து பெருக்கி, விளக்கேற்றி, பாய் விரித்து வைத்துவிடுவேன். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள், நேரில் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து லயத்தில் பிறந்த உங்கள் சகோதரி,
பீடோங், கெடா