'ஒன்றுமில்லை' என்றதன் விவரம்

உ
சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு நானும் உன் அப்பச்சியும் நலம். அங்கு நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் புற்றுநோய் மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டபோது நான் 'ஒன்றுமில்லை' என்றேன். நீ சற்று நேரம் பேசாமல் இருந்தாய். 'ஒன்றுமில்லை' என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையை வளர்த்தவள் நான். அந்த 'ஒன்றுமில்லை' எங்கிருந்து உனக்கு வந்தது என்பது உனக்கும் தெரிந்திருக்கிறது. எனவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

முறை உனக்குத் தெரிந்ததுதான். கேப்சிடபைன் 500 மில்லிகிராம் மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள். இப்படிப் பதினான்கு நாள், பிறகு ஏழு நாள் ஓய்வு. ஒரு சுற்றுக்கு 84 மாத்திரை. எட்டுச் சுற்றுக்கு 672 என்று உன் அப்பச்சி முதல் நாளே நாட்காட்டியின் பின்புறம் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அவர் மாத்திரையைக் கையால் தொடுவதில்லை. மருத்துவமனையில் சொன்னபடி டப்பாவின் மூடியிலேயே மூன்றை எண்ணி விழவைத்து நீட்டுவார்; நான் விழுங்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வேன். அறுபது வயதுக்கு மேல் எங்களுக்கு இப்படி ஒரு புதுச் சடங்கு.

முதல் இரண்டு சுற்றிலும் எனக்கு மெய்யாகவே ஒன்றும் வரவில்லை. வாந்தி இல்லை, வாய்ப்புண் இல்லை, இட்லியின் ருசிகூட மாறவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்றால் நம்புவாயா? பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முகப்பில் செருப்பைக் கழற்றும்போதே என் கொண்டையைத்தான் பார்க்கிறார்கள். முடி கொட்டாததில் அவர்களுக்கு ஏதோ ஏமாற்றம் போலிருக்கிறது. ஒருவர் வாய்விட்டே, "ஆச்சி, இது நெசமாவே அந்த மருந்துதானா?" என்று கேட்டுவிட்டார். மாதம் ஒரு முறை விளக்கெண்ணெய் குடித்து, வயிற்றைக் கலக்கினால்தான் மருந்து வேலை செய்தது என்று நம்பி வளர்ந்தவள் நான். உடம்பு நோகாமல் ஒரு மருந்து உள்ளே என்ன செய்துகொண்டிருக்கும் என்ற எண்ணம் இரவு மாத்திரை போட்டதும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த முறை மதுரை போனபோது மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மாத்திரையில் முடி கொட்டுவது குறைவு என்றார். விழுங்கும்போது இது முழு மருந்தாக இருப்பதில்லையாம். ஈரலில் படிப்படியாக மாறி, கடைசிப் படியை மாற்றும் நொதி புற்றுத் திசுவில் கூடுதலாக இருப்பதால் அங்கேதான் அதிகமாக மருந்தாகிறதாம். மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி வேறு. அது ஆளுக்கு ஆள் கூடும், குறையும். மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு முதல் சுற்றிலேயே ஆபத்தாகிவிடும் என்பதால்தான் தொடங்குமுன் அதற்கென்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்தார்களாம். பக்க விளைவு வரவில்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது என்று அவர் சொன்னதை நான் திரும்பச் சொல்லிக் காட்டிய பிறகுதான் எழுந்தேன்.

மூன்றாம் சுற்றில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் வயிற்றுப்போக்கு. விருந்துதான் காரணம் என்று இரண்டு நாள் மோரும் கஞ்சியும் குடித்துக்கொண்டு மாத்திரையையும் விடாமல் போட்டேன். அது என் பிழை. வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கூப்பிட வேண்டும் என்று தாளில் அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். திட்டு வாங்கினேன், உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் அவர்கள் சொன்ன மாத்திரையிலும் சரியாயிற்று. விட்ட வேளை மாத்திரையை அடுத்த வேளையோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது கையைப் பற்றியது. பேத்தியின் காதுகுத்துக்கு இருபத்தொரு கொட்டான், அதாவது சின்ன ஓலைக் கூடை, முடைந்து தருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? ஏழாவது கொட்டானில் ஓலை விரலில் நிற்காமல் வழுக்கத் தொடங்கியது. நனைத்தது போதவில்லை என்று ஓலையைத்தான் குறை சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நுனிவிரலில் இருந்த ரேகையெல்லாம் தேய்ந்து, தோல் சிவந்து, எண்ணெய் பூசியது போல மினுமினுத்தது. உள்ளங்கை விண்விண்ணென்று இழுத்தது. வளவு முற்றத்தில் காய வைத்த வற்றலை அள்ளப் போனபோது வெயில் ஏறிய கல்லில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே பட்டாலைக் கூடத்தின் ஆத்தங்குடிக் கல்லில் வந்து நின்ற பிறகுதான் மூச்சு வந்தது. அந்த வாரம் ரேஷன் கடையில் இயந்திரம் என் விரலை ஐந்து தடவை மறுத்தது. கடைசியில் உன் அப்பச்சி விரலை வைத்து அரிசி வாங்கி வந்தோம்.

இதை மருத்துவரிடம் சொன்னபோது, நீ இருக்கும் ஊரிலேயே ஒருவருக்கு நடந்ததைச் சொன்னார். 2008 டிசம்பரில், இதே மருந்தை உட்கொண்டுவந்த 62 வயதுச் சிங்கப்பூர்க்காரர் அமெரிக்காவில் இறங்கியபோது, கைரேகை இல்லை என்று குடிநுழைவு அதிகாரிகள் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டார்களாம். எனக்கு ஓர் அரிசிப் பைக்காக ஐந்து நிமிடம் போனதோடு சரி.

அந்தச் சமயத்தில் சட்டைப் பொத்தான் போடுவதே வலித்ததால் நான்காம் சுற்றை இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்தச் சொன்னார். ஐந்தாம் சுற்றை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அளவைக் குறைக்கவில்லை. யூரியா கலந்த களிம்பு இரு வேளை பூசுகிறேன், சுடுநீரில் பாத்திரம் கழுவுவதில்லை, இறுக்கமான செருப்பு இல்லை, கொட்டானும் இல்லை. சிவப்பு இப்போது வெளுத்துவிட்டது. சுற்று தாமதம் ஆனதால் மருந்தின் பலன் போய்விடுமோ என்று நீ பயப்படுவாய் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். நானும் அதைக் கேட்டேன். வலியைப் பொறுத்துக்கொண்டு சுற்றை முடித்துப் பின் பாதியில் விடுவதைவிட, சொல்லிவிட்டு ஒரு வாரம் நிறுத்துவதே எட்டையும் முடிக்க வழி என்றார்.

இன்னொன்று. மருமகள் அனுப்பிய வைட்டமின் புட்டியை நான் திறக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம் என்று சொல். அதில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது; அது இந்த மாத்திரையின் கடுமையைக் கூட்டிவிடும் என்பதால் மருத்துவர் எடுத்து வைக்கச் சொன்னார். அவள் அன்பில் குறையில்லை. எனக்குத்தான் இப்போது ஆகாது.

வரும் புதன்கிழமை ஐந்தாம் சுற்று தொடங்குகிறது. இனி நீ கேட்டால் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல மாட்டேன். கை, கால், வாய், வயிறு என்று வரிசையாகச் சொல்கிறேன், நீயும் வரிசையாகக் கேள். மீதிப் பதினான்கு கொட்டானைப் பக்கத்து வீட்டுச் சின்னாச்சி முடைந்து தருகிறாள். என் ஏழும் அவளுடையதும் கலந்துதான் வரும், எது யாருடையது என்று பேத்தி கண்டுபிடிக்கட்டும். நீ வரும்போது தையல் உறுத்தாத பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கொண்டு வா.

ஆசிகளுடன்,
ஆத்தா