கழிவைத் தேடிப் பிடிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ரத்தத்திலுள்ள கழிவைத் தேடிப் பிடித்து வெளியேற்றும் உறுப்பு சிறுநீரகம் என்கிறது. நடப்பது ஏறக்குறைய நேரெதிர். ரத்த அணுக்களையும் பெரும்பாலான புரதத்தையும் நிறுத்திக்கொண்டு, நீர், உப்பு, சர்க்கரை, யூரியா என மற்றதையெல்லாம் மொத்தமாக வெளியே தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

நிமிடத்துக்கு 1 லிட்டருக்கு மேல் ரத்தம் இரு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். அவற்றின் தலைப்பிலுள்ள நுண்குழாய் முடிச்சுகளில் நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகிறது. சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர்தான். வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கை அடுத்துள்ள குழலின் முதல் வளைவே மீட்டுவிடும். சர்க்கரை முழுதும் அங்கேதான் மீள்கிறது. ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் அந்த இடம் திணறும். மிச்சம், நீரையும் இழுத்துக்கொண்டு, சிறுநீரில் இறங்கும். சர்க்கரைக்காரர்கள் ராத்திரியில் அடிக்கடி எழுந்து போவது இதனால்தான்.

வடிவதற்கு அழுத்தம் வேண்டும். நம் பக்கத்துச் சங்கதியே இதில்தான் இருக்கிறது. சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களில் நாள் முழுக்க நின்று வேலை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஸ்டீம் அயர்ன் வெக்கை. கழிப்பறை வசதிக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காத பெண்கள் வேறு. வீடு திரும்பியதும் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை. உடம்பில் நீர் வற்றும்போது, முடிச்சுக்குள் ரத்தம் நுழையும் நுண்தமனியைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடம்பின் சொந்த ரசாயனம் விரித்துவைத்து அழுத்தத்தைக் காக்கும். வலி மாத்திரை அந்தப் புரோஸ்டாகிளாண்டினையே தடுக்கிறது. தமனி சுருங்கும், வடிதல் படுத்துவிடும். கூடவே எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வாந்தி, பேதி உள்ள நாட்களில் வலி மாத்திரை வேண்டவே வேண்டாம்.

கட்டுரை, தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினினோடு நின்றுவிட்டது இன்னொரு குறை. வடிதிறன் பாதியாகும் வரைகூட ரிப்போர்ட்டில் அது 'நார்மல்' என்றே வரலாம், அதிலும் தசை வற்றிய பெரியவர்களுக்கு. அதே தாளில் இ.ஜி.எஃப்.ஆர். (கணக்கிட்டுச் சொல்லும் வடிதிறன்) என்றொரு வரி இருந்தால் அதைப் பாருங்கள். 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதமும் பார்க்க வேண்டும். காலையில் முதலில் போகும் சிறுநீரில் நடுவாக்கில் வருவதைப் பிடித்துக் கொடுப்பது நல்லது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் உடனே கலங்க வேண்டியதில்லை: காய்ச்சல், நீர்க்கடுப்பு, கடும் உழைப்பு இருந்தாலும் ஏறும். அவை தீர்ந்தபின் மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஆய்வக நுட்பநர், கோபிசெட்டிபாளையம்