லக்ஸ் மீட்டர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "லக்ஸ் மீட்டர் என்ன விலைங்க?" என்றுதான் கடைக்குப் பெரும்பாலான போன் வருகிறது. நாங்கள் பதிலுக்கு, எந்த வெளிச்சத்தை எதற்காக அளக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் சிலருக்குச் சலிப்பாக இருக்கிறது. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு; அது மனிதக் கண்ணுக்கான கணக்கு. மீட்டருக்குள் இருக்கும் சிலிக்கான் போட்டோடயோடு என்ற ஒளி சென்சார், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பிடித்துவிடும். அதனால் மேலே ஒரு பில்டர் போட்டு, 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சைக்கு முழு மதிப்பும் மற்ற நிறங்களுக்குக் குறைத்தும் கொடுக்கிறார்கள். தையல் மேஜை, துணி செக்கிங், வகுப்பறை ஆகியவற்றுக்கு இதுவே சரி.

பசுமைக்குடில்காரர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். செடிக்குப் போடும் ஊதா எல்இடியில் பெரும்பாலும் 450 நானோமீட்டர் நீலமும் 660 நானோமீட்டர் சிவப்பும்தான். பச்சைக்குத் தரும் மதிப்பில் அந்தச் சிவப்புக்குச் சுமார் 6 சதவீதம், நீலத்துக்கு 4 சதவீதம்தான் லக்ஸ் மீட்டர் தரும். விளக்கு நன்றாகவே எரியும். மீட்டர் குறைத்துக் காட்டும். விற்றவரோடு சண்டை நடக்கும். 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்பதே செடிக்கான கணக்கு. அதற்கு, செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டர் வேண்டும்.

ஆனால் வெறும் வெயிலை நம்பும் குடிலுக்கு அவ்வளவு செலவு வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். வெயிலில் லக்ஸை 54ஆல் வகுத்தால் செடிக்கான அந்த ஒளித்துகள் கணக்கு மைக்ரோமோல் அலகில் ஏறக்குறைய வந்துவிடும்: 1 லட்சம் லக்ஸ் என்றால் சுமார் 1,850. கறுப்பு நிழல்வலைக்குக் கீழேயும் இதே கணக்கு ஓடும். பச்சை வலைக்குப் பொருந்தாது.

ஒளி வழியாக இணையம் கொண்டுபோகும் ஃபைபர் லைன் வேலை பார்ப்பவர்களே, சிலிக்கான் சென்சார் சுமார் 1,100 நானோமீட்டரோடு நின்றுவிடும். உங்கள் லைனில் ஓடுவது 1310, 1490, 1550 நானோமீட்டர் ஒளி. இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் உள்ள ஆப்டிகல் பவர் மீட்டராகக் கேளுங்கள். அளக்கும் முன், அலைநீளப் பட்டன் உங்கள் லைனின் அலைநீளத்தில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

செல்போன் ஆப் மங்கலா, பளிச்சா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். ஆடிட்டுக்குக் காட்டுவதென்றால் என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபின் காலிப்ரேஷன் சான்றிதழோடு வாங்குங்கள்.

கையில் இருக்கும் லக்ஸ் மீட்டரை வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறையில், தள்ளி ஒரே ஒரு பல்பு. சென்சாரை நேராகக் காட்டி அளந்துவிட்டு 60 டிகிரி சாய்த்தால் பாதி காட்ட வேண்டும். அதற்கும் வெகுவாகக் கீழே போனால், பக்கவாட்டு வெளிச்சத்தை அது கோட்டை விடுகிறது. கடைக்கு எடுத்து வாருங்கள், பார்க்கிறோம்.

புதிதாக வாங்க வருகிறவர்கள் விளக்கின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வந்தால் எங்களுக்குச் சுலபம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து